டிராம் ஏறிய மஞ்சள் வால் குருவி

வாலோடு நிறுத்தியிருந்தால் கந்தப்பன் தப்பியிருப்பான். வால் மஞ்சள் என்று சொன்ன வாய் சும்மா இராமல், "பறக்கச் சோம்பேறிங்க தொரை, டிராம் வண்டிக் கூரையில குந்திக்கிட்டுத்தான் போகும்" என்றும் சொல்லிவிட்டது.

இப்போது அந்தக் குருவியைப் பார்க்கவென்றே லண்டன் பட்சி சங்கத்துப் பெரிய துரை ஒருவர் கப்பலேறிக் கொழும்புக்கு வந்துவிட்டார். குருவியை முதலில் கண்டவனும் கூட வர வேண்டுமாம். பங்களாவிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"கொழும்புல டிராம் எங்கிட்டு ஓடும்னாச்சும் தெரியுமா ஒனக்கு?" ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள் அவன் பெண்சாதி காளியாயி.

"ரோட்டுலதான் ஓடும்."

"கெட்டிக்காரன்தான் போ."

அட்டனுக்கு மேலே நாவல்மலைத் தேயிலைத் தோட்டத்தில் கந்தப்பன் பங்களாப் பூந்தோட்டக்காரன். ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுவான், புல் வெட்டுவான். தோட்டம் முழுக்கத் தேடினாலும் முதுகு நோகாத வேலை அது ஒன்றுதான். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நாவல்மலைக்கு இன்னும் வந்து சேரவில்லை. துரை வைத்ததுதான் சட்டம். அந்தத் துரைக்குப் பறவைப் பைத்தியம். காய்ச்சல் என்றால் லீவு தர மாட்டார். கல்யாணம் என்றால் யோசிப்பார். பறவை பார்க்கப் போகிறேன் என்றால் நின்ற இடத்திலேயே லீவுத் துண்டு எழுதிக் கொடுத்துவிடுவார்.

இதைக் கண்டுபிடித்ததிலிருந்து கந்தப்பன் மாதம் ஒருமுறை கொழும்புக்குப் போய், டிராமில் தெருத் தெருவாகச் சுற்றிப் பறவை பார்த்து வந்தான். அதாவது, அட்டன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுவிட்டு, போகிற ரயிலையெல்லாம் வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தான்.

முதல் மாதம் காக்காய் பார்த்ததாகச் சொன்னான். துரையின் முகம் சுருங்கியது. அடுத்த துண்டுக்கு ஆபத்து என்று பட்டதால், மறுமாதம் சிவப்பு மூக்கும் மஞ்சள் வாலுமாக ஒன்றைப் பார்த்தான். துரை புத்தகம் புத்தகமாகப் புரட்டினார். எதிலும் இல்லை.

"கூடு எங்கே?" என்றார்.

கூடு உண்டு என்றால் காட்டச் சொல்வாரே! "கூடே கட்டாதுங்க தொரை."

"நான் வந்து பார்ப்பேன்."

காரை விட்டு இறங்காத மனிதர் டிராமிலா ஏறப்போகிறார் என்ற தைரியத்தில்தான் கந்தப்பன் அந்தக் கூரையைச் சொன்னான். அன்று துரை குதித்த குதியைக் கேட்டு, அவர் காலில் சுடுதண்ணீர் கொட்டிவிட்டதாக்கும் என்று சமையற்காரப் பொன்னையா எண்ணெய்ப் போத்தலோடு ஓடி வந்தான்.

"குருவி இல்லேன்னு தெரிஞ்சா என்னா செய்வாரு?" என்றாள் காளியாயி.

"மலையில தண்ணி ஓடுற கான் வெட்ட அனுப்புவாரு."

"இந்த மழையில, அட்டைக் கடியில, நீ கான் வெட்டி... வெளங்குன மாதிரிதான். பேசாம கால்ல விழுந்துரு."

காலில் விழுவதைவிடக் குருவியைக் கொல்வது சுலபமாகத் தெரிந்தது. பங்களாவுக்குப் போய், "அது செத்துப் போச்சுங்க தொரை" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

துரை வெளுத்துப் போனார். "செத்தது எங்கே? கொண்டு வா! பெட்டியில் போட்டு லண்டன் அனுப்பு!"

குருவி அன்று சாயங்காலமே பிழைத்துக்கொண்டது.

ரயிலில் துரை முதல் வகுப்பு, கந்தப்பன் மூன்றாம் வகுப்பு. வண்டி நின்ற இடமெல்லாம் துரை இறங்கி ஓடி வந்து ஜன்னலில் தலையை நீட்டினார். ஆள்களை வேலை வாங்குவதற்கென்று தமிழ் படித்தவர் அவர். உத்தரவு போடாமல் அவருக்குப் பேச வராது.

"மூக்கு சொல்லு!"

"சிவப்புங்க தொரை."

"வால் சொல்லு!"

"மஞ்சளுங்க."

"மறந்தால் நாளைக்கு நீ கான் வெட்டு!"

கோட்டை ஸ்டேஷனில் பட்சி சங்கத்துத் துரை காத்திருந்தார். தாடி நெஞ்சு வரைக்கும், கழுத்தில் தூரக்கண்ணாடி. மூவரும் பொரளைக்குப் போகும் டிராமுக்கு நடந்தார்கள். துரைமார் ஏறினார்கள். கந்தப்பன் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தான். பொன்னையாவிடம் இரவல் வாங்கிய சப்பாத்தைக் காலிலிருந்து கழற்றி, பங்களா வாசலில் வைப்பதுபோல் படியோரம் ரோட்டில் ஜோடியாக வைத்தான். பிறகு பயபக்தியோடு ஏறினான். டிராம் புறப்பட்டது. சப்பாத்து நடுரோட்டிலேயே நின்றது.

"ஐயோ, பொன்னையா அண்ணன் சப்பாத்து!"

"ஏறும்போது ஏன்யா கழட்டுன?" என்றான் டிக்கெட் கொடுக்கும் கொண்டக்டர்.

"தொரை இருக்கிற எடத்துல சப்பாத்தோட எப்படிங்க ஏறுறது?"

"சரி, உக்காரு. வழியில நிக்காத."

"தொரைக்கு முன்னுக்கு எப்படிங்க உக்கார்றது?"

"அப்ப நின்னுக்கிட்டே வா. ரெண்டுக்கும் டிக்கெட் ஒரே வெலதான்."

மருதானை வந்தது. சர்பத் கடைகள், துணிக் கடைகள், மாட்டு வண்டிகள். எல்லாவற்றையும் வாயைப் பிளந்து பார்த்த கந்தப்பன், மாதா மாதம் வருகிறவன் அப்படிப் பார்க்கக் கூடாது என்று நினைவு வந்து வாயை மூடிக்கொண்டான்.

"இது என்ன இடம்? சொல்லு!" என்றார் துரை.

"இதுதாங்க பொரளை."

"மருதானை" என்றார் பக்கத்தில் கூடையோடு இருந்த அம்மாள்.

"போன மாசம் பொரளையா இருந்துச்சுங்க."

தாடித் துரை அதை ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னார். நம் துரை விளக்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கோபம் ஏறுகிறது என்று கந்தப்பன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

பொரளைக்குப் போனார்கள், திரும்பினார்கள், மறுபடி போனார்கள். தாடித் துரை நிறுத்தத்துக்கு நிறுத்தம் இறங்கிக் கூரையைப் பார்த்தார். காக்காய் இருந்தது. ஒருமுறை காக்காய்கூட இல்லை. கடைசியில் தூரக்கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு யாராவது அதைக் கண்டிருக்கிறார்களா என்று கேட்டார்.

துரையின் முகம் பீட்ரூட் ஆகியிருந்தது. கொண்டக்டரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"நீ! டிராம் மேலே மஞ்சள் வால் பட்சி பார்த்தாயா? சொல்லு!"

கந்தப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மழை கொட்டியது, கான் நீண்டு கிடந்தது, அட்டைகள் அவனை ஆவலோடு எதிர்பார்த்தன.

"அதுங்களா?" என்றான் கொண்டக்டர், டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே. "தெனம் வருமே. நமக்கு முந்தின வண்டியில ஏறிப் போயிருச்சுங்க."

துரை மொழிபெயர்த்தார். தாடித் துரை உடனே எழுதிக்கொண்டார். எழுந்து துரையின் கையைக் குலுக்கினார். கந்தப்பனின் கையையும், கக்கத்துத் தலைப்பாகை கீழே விழுகிற மாதிரி, குலுக்கினார். துரைமார் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கி ஒரு காரில் ஏறிப் போனார்கள்.

கந்தப்பன் வெறுங்காலோடு வந்து கொண்டக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"தெய்வம் மாதிரி வந்தீங்கய்யா. அப்ப... அந்தக் குருவி நெசமாவே இருக்குதுங்களா?"

"எனக்கென்னய்யா தெரியும்? போன மாசமே உங்க தொரை வந்து, 'அதை நானே கண்ணால கண்டதா லண்டனுக்கு எழுதிப்புட்டேன், எவன் கேட்டாலும் நீயும் பாத்தேன்னு சொல்லு'ன்னு, ஒரு ராத்தல் தேயிலை குடுத்துட்டுப் போயிட்டாரே!"