நாக குகைக்கு முப்பது ரூபாய்

உலகத்தில் உதவி செய்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒருவர் காசு வாங்கிக்கொண்டு செய்வார். அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. செய்வார், வாங்குவார், போய்விடுவார். இன்னொருவர் இருக்கிறாரே, அவர்தான் நம்முடைய ஆள். "சேச்சே, உங்கிட்ட போயி காசா?" என்பார். அந்த வார்த்தை காதில் விழுந்ததுமே செருப்பை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். நாம் எங்கே ஓடுகிறோம்? "இந்தக் காலத்துல உங்கள மாதிரி யாருண்ணே இருக்கா?" என்று கண் கலங்கி உட்கார்ந்துவிடுகிறோம். அன்றைக்குப் பிடிக்கிறது ஏழரை.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் சும்மா உபகாரி. ஆபீசில் உண்டு, ரயில் பெட்டியில் உண்டு, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற இடத்தில் கொஞ்சம் ஜாஸ்தியாகவே உண்டு. ஆனால் நான் பார்த்ததிலேயே நன்றாக விளைந்த சும்மா உபகாரி கம்ப்யூட்டருக்குள் குடியிருந்தார். பெயர் பூவரசன். ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். அங்கே ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடையில் பக்கத்துக்கு ஒரு ரூபாய் குறையாது. சொந்தச் சித்தப்பாவிடமே சில்லறை எண்ணி வாங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே மனிதர் 'ஏழு கோட்டை'க்குள் நுழைந்துவிட்டால் கர்ணனுக்கு அண்ணன்.

'ஏழு கோட்டை' என்பது இன்டர்நெட்டில் பல ஊர் ஆட்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடுகிற சண்டை விளையாட்டு. 2009-இல் சிதம்பரம் கீழ வீதி பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து நாங்கள் ஆடினோம். நாங்கள் என்றால், ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த நானும், அதே பள்ளியின் கம்ப்யூட்டர் சார் அன்பரசுவும். அன்பரசுவுக்கு ஊர் புவனகிரி, வயது இருபத்தேழு, சுபாவம் வெண்ணெய். விளையாட்டில் நாக குகை என்று ஒரு இடம் வரும். புதிதாக வந்தவன் தனியாகத் தாண்டவே முடியாது, பெரிய ஆள் யாராவது கூட வந்து பாம்புகளை வெட்டி வழி விட வேண்டும். அன்பரசு அதில் பதினோரு நாள் செத்துச் செத்துப் பிழைத்தான். பன்னிரண்டாம் நாள் பூவரசன் வந்தார். முக்கால் மணி நேரத்தில் வெட்டித் தள்ளி, வெளியே கொண்டுவந்து விட்டு, கையில் ஒரு வாளும் கொடுத்தார். "என்னாண்ணே தரணும்?" என்று இவன் கேட்க, அந்த வார்த்தை வந்தது. "சேச்சே, உங்கிட்ட போயி காசா, மச்சான்?"

அவ்வளவுதான். இவன் அவருடைய படையில் சேர்ந்தான். விளையாட்டைத் திறந்ததும் முதல் வேலையாக, எல்லாரும் பார்க்கிற மாதிரி, "வணக்கம்ண்ணே" என்று அடிக்க வேண்டும். அவர் முதலில் வணக்கம் சொல்லும்படி வைத்துக்கொண்டால் அன்று முழுக்கப் பதில் வராது. புதிதாக யாராவது படைக்கு வந்தால், "நான் நாக குகையில் கெடந்தேன், அண்ணன்தான் தூக்கி விட்டாரு" என்று சாட்சி சொல்ல வேண்டும். அண்ணனுடைய குதிரையை விட நல்ல குதிரை இவனுக்குக் கிடைத்தால் விற்றுவிட வேண்டும். இதெல்லாம் உள்ளே. வெளியே? அண்ணன் சிதம்பரம் பல்கலைக்கழகத்தில் தபாலில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தார், இரண்டாம் வருஷமாக முதல் வருஷம். சிதம்பரத்திலேயே இருக்கிற ஆள் எதற்கு இருக்கிறான்? ஹால் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றது அன்பரசு, மார்க் ஷீட்டுக்கு நின்றது அன்பரசு, பணம் கட்டிய சலானைத் தொலைத்துவிட்டு "கொஞ்சம் கேட்டுச் சொல்லு மச்சான்" என்றபோது அரை நாள் லீவு போட்டதும் அன்பரசுதான். முக்கால் மணி நேரப் பாம்புக்கு இரண்டு வருஷம்.

இதற்கு நடுவில் எங்கள் படையில் வித்யா என்றொரு பெண் இருந்தாள். சிதம்பரத்தில் இன்ஜினியரிங் கடைசி வருஷம், ஹாஸ்டல். அவளும் மற்றவர்களைக் குகை தாண்ட வைப்பாள், ஆனால் ரேட் உண்டு. நாக குகைக்கு முப்பது ரூபாய், செல்போனில் ரீசார்ஜ் போட்டுவிட வேண்டும். "எத்தினி மணிக்கு? சரி. வந்துருங்க" என்பாள், முடித்துவிட்டு "முடிஞ்சிது, பை" என்று போய்விடுவாள். மறுநாள் பார்த்தால் வணக்கம் கூட எதிர்பார்க்க மாட்டாள். இது பூவரசனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை படையைக் கூட்டிப் பஞ்சாயத்து வைத்தார். கூட விளையாடுகிறவனுக்கு உதவக் காசு வாங்கலாமா, கூடாதா? ஒன்றரை மணி நேரம் பேசினார். உதவி என்பது புனிதம், அதை விற்கிறவள் நாளைக்கு எதையும் விற்பாள், நான் என்ன வாங்கினேன், யாரிடமாவது ஒரு பைசா வாங்கினேனா, சொல்லுங்கள்! யார் சொல்லுவார்? எல்லாரும் குகையில் கிடந்தவர்கள். வித்யா ஒரே வரி எழுதினாள்: "நான் வாங்குறது முப்பது ரூபா, அண்ணன் வாங்குறது என்னான்னு அவருக்கே தெரியாது." அவளைப் படையிலிருந்து நீக்கிவிட்டோம். கை தூக்கியவர்களில் நானும் உண்டு. எனக்கு என்ன வந்தது என்று கேட்காதீர்கள், அதே விளையாட்டில் தாமரைக் குளம் என்ற இடத்தில் என்னை அவர் தூக்கி விட்டிருந்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2011 ஆவணியில் அன்பரசுவுக்குக் குறிஞ்சிப்பாடியில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் அமராவதி, பி.காம். அப்பா பஞ்சநாதன், முந்திரி வியாபாரி. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து பயல் கரும்பலகையில் பைனரி எழுதும்போதும் சிரித்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இது நடக்க வேண்டுமே என்று அவன் அம்மா வடலூருக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். ஞாயிறு மூன்றரைக்கு நல்ல நேரம். துணைக்கு அவன் அம்மாவும் நானும். பஸ்சில் ஏறும்போது போன் வந்தது.

"மச்சான், நாலு மணிக்குக் கோட்டையப் புடிக்க வரானுங்க. வந்துரு."

"அண்ணே, பொண்ணு பாக்கப் போறேண்ணே."

"போயிட்டு வாய்யா, நான் வேணாம்னா சொன்னேன்? நீ அடிக்கக்கூட வேணாம், சும்மா வந்து நில்லு. நாக குகையில நீ கெடந்தப்ப எனக்கு வேல இருக்குதுன்னு நான் சொன்னனா?"

பார்த்தீர்களா! இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? இவன் "சரிண்ணே" என்று பஸ்சில் ஏறினான்.

கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, பெண் வந்து காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மணி மூன்று ஐம்பத்தைந்து. "ஒரு போன் பேசிட்டு வந்துர்றேன்" என்று எழுந்தான் மாப்பிள்ளை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம், அரை மணி. அவன் அம்மா பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு தேடக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டரில், புதுச் சட்டையும் நெற்றியில் விபூதியுமாக, காதில் ஹெட்செட்டோடு மாப்பிள்ளை கத்திக்கொண்டிருந்தார்: "அண்ணே, வந்துட்டேண்ணே! நிக்கிறேன் பாருங்கண்ணே! உங்களுக்குப் பட்ட கடன் இந்த ஜென்மத்துல தீராதுண்ணே!"

முந்திரி வியாபாரிக்கு இந்தப் பாஷை நன்றாகத் தெரியும். நேரே வீட்டுக்கு வந்தார். "மாப்ளைக்கு வெளிய பெரிய எடத்துல கடன் இருக்குதுங்க. கடன்காரன் கூப்ட்டா பொண்ணு பாக்குற எடத்துலேருந்து எழுந்து ஓடுறாரு. இது சரிப்படாதுங்க" என்றார். அன்பரசுவின் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். பின்னாலேயே வந்து சேர்ந்த அன்பரசு வாசற்படியில் வெளுத்துப்போய் நின்றான். நான் எழுந்தேன். குகை, பாம்பு, பூவரசன், ஹால் டிக்கெட் எல்லாவற்றையும் விளக்கி, "கடனே இல்லீங்க, அந்த மனுஷன் ஒரு பைசா வாங்கலீங்க" என்று முடித்தேன். பஞ்சநாதன் கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது.

உள்ளேயிருந்து அமராவதியின் குரல் வந்தது. "ஒரு பைசாவும் வாங்கலியா?"

"ஆமாம்மா!"

"அப்ப எப்ப முடியும்?"

அவளே கதவருகே வந்து சொன்னாள். "காசு வாங்கியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்ல? நாளைக்குக் கல்யாணத்தன்னைக்கும் கூப்டுவாரு, இவுங்களும் போவாங்க. ஏதோ ஒண்ணு குடுத்து முடிச்சிட்டு வரச் சொல்லுங்கப்பா. அப்புறம் பேசலாம்."

மறு சனிக்கிழமை மஞ்சக்குப்பம் போனோம். அன்பரசு ஐந்நூறு ரூபாயைக் கவரில் போட்டு நீட்டினான். பூவரசன் தொடவில்லை. "என்னாய்யா நெனச்சிக்கிட்ட? காசக் காட்டி என்னை அசிங்கப்படுத்துறியா? நான் உங்கிட்ட எதாவது கேட்டனா? சொல்லு, கேட்டனா?" என்றார். சத்தியமாகக் கேட்கவில்லை. கேட்காதவருக்கு எப்படிக் கொடுப்பது? ஆயிரம் ஆக்கினான், காலில் விழப்போனான். அவர் கவரைத் தள்ளிவிட்டு, "அடுத்த மாசம் எனக்கு எக்ஸாம், பீஸ் கட்டணும், வியாழக்கிழமை போயிரு" என்றார்.

வெளியே வந்து அன்பரசு அழுதுவிட்டான். "இதுவும் போச்சு சார்" என்றான். பார்க்கச் சகிக்கவில்லை. எனக்கு வித்யா ஞாபகம் வந்தது. போன் போட்டேன். "யோசனைக்குப் பத்து ரூபா ரீசார்ஜ்" என்றாள், போட்டேன். "கையில குடுத்தா வேணாம்பாரு. அவரு நம்பருக்கு ரீசார்ஜ் போடுங்க. ஏறிட்டா திருப்பி அனுப்ப முடியாதுல்ல? முப்பது போதும், அதான் ரேட். முடிஞ்சிது, பை."

எதிர்க்கடையில் போட்டுவிட்டு மறுபடி ஜெராக்ஸ் கடைக்குள் போனோம். கல்லா மேல் இருந்த போன் பீப் என்றது. பூவரசன் எடுத்துப் பார்த்தார். "யாரு போட்டது?"

"நாந்தாண்ணே. நாக குகைக்கு."

அவர் போனைத் திருப்பிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார். ஏறினது ஏறினதுதான். "ரெண்டு வருஷத்துக்கு முப்பது ரூவாயா, மச்சான்?" என்றார். எனக்கே ஒரு நிமிஷம் மனசு கஷ்டமாகிவிட்டது. மஞ்சக்குப்பத்தில் அந்த மனிதரை அண்ணே என்று கூப்பிட வேறு யார் இருந்தார்கள்? ஆனால் அன்பரசு நிமிர்ந்து நின்றான். "வரேங்க" என்றான். அண்ணே இல்லை, வெறும் 'ங்க'. கழிவு போக ஏறிய இருபத்து நாலு ரூபாய்ச் சொச்சத்தையும் அன்றே பூவரசன் தீர்த்துவிட்டார், படையில் இருந்த ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு இந்த அநியாயத்தைச் சொல்லியே.

தை மாசம் குறிஞ்சிப்பாடியில் கல்யாணம், நன்றாக நடந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கூடத்தில் எழுந்து பேசிக் கல்யாணத்தைக் காப்பாற்றியவனைப் பத்திரிகையில் போட்டிருக்கலாம், போடவில்லை, பரவாயில்லை. போட்டோவில் மூன்றாவது வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால் நிற்கிறேன், பரவாயில்லை. வித்யாவுக்குப் போட்ட பத்து ரூபாய் என் கையிலிருந்து போனது. அன்பரசு அன்றைக்கே கொடுக்க வந்தான். வாங்குவேனா? "சேச்சே, உங்கிட்ட போயி காசா?" என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை கேட்டதில்லை. எப்போதாவது, வாரத்துக்கு ஒரு தடவை, பேச்சு வாக்கில் ஞாபகப்படுத்துவதோடு சரி. போன மாசம் அவன் வீட்டுக்குப் போய், என் பெண்ணுக்கு ஒரு சர்ட்டிபிகேட் வாங்க அவனை வரிசையில் நிற்கச் சொன்னேன். அமராவதி உள்ளேயிருந்து வந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை என் சட்டைப் பையில் சொருகிவிட்டுப் போய்விட்டாள். என்ன பெண் இவள், மனுஷத்தன்மையே இல்லை!

நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கடைசியாக "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்று நீங்கள் சொன்னது யாரிடம் என்று யோசித்துப் பாருங்கள். அவர் இப்போது உங்களைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிப் போகிறாரா? இவ்வளவு நல்ல விஷயத்தை உங்களுக்குச் சொன்னதற்கு எனக்கு நீங்கள் ஒன்றும் தர வேண்டாம். எங்காவது பார்த்தால் ஒரு வணக்கம் போதும். முதலில் நீங்கள் சொல்ல வேண்டும்.