மெரூன் சுவெட்டர்

தைப்பொங்கலுக்கு மறுநாள் நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். சித்திரை வருசப்பிறப்பு வரை எங்கள் வீட்டுக்குள் ஒரு முழம் புதுத்துணி வரக்கூடாது.

தீர்மானத்தை யாரிடமாவது அறிவிக்க வேண்டும். மகள் ஹட்டனில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். ஆகவே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான காம்பராவில் எனக்குக் கிடைத்த ஒரே பொதுமக்கள் என் மனைவி கிருஷாந்தி. அவள் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பிளவுஸைப் பிடித்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பிளவுசும் ஒரு சுவெட்டரும் வேணும்னு நேத்துத்தானே கேட்டேன்" என்றாள்.

"அதனாலதான் இன்னைக்குத் தீர்மானம்."

"ஆபீசுல பொம்பளைக் கங்காணிக்கு ஆள் எடுக்கிறாங்க. நானும் பேரு குடுத்திருக்கேன். மாசி கடைசியில கூப்பிடுவாங்க."

எங்கள் தோட்டத்தில் இதுவரை கங்காணி என்றால் மீசை. கொழுந்து பறிக்கிறவர்களை இந்த மலைக்குப் போ, அந்த மலைக்குப் போ என்று ஏவுகிற வேலை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அடக்கியது தெரியும்படி அடக்கினேன்.

"கங்காணிக்கு வாய்தான் வேணும். பிளவுஸ் என்னத்துக்கு?"

"கை தூக்கணும்ல."

"தூக்கேன்."

தூக்கினாள். கை தோளுக்கு வந்ததும் நின்றுவிட்டது. அக்குளில் ஒட்டு, ஒட்டின் மேல் இன்னொரு ஒட்டு, அதற்கும் மேலே இப்போது ஒரு கிழிசல்.

"போன வருசம் ஒரு நாள் வேலை பதியாம விட்டுட்டாங்கன்னு ஆபீசுக்குப் போனேன்ல? எந்த மலையில பறிச்சேன்னு தொரை கேட்டாரு. கையை நீட்டிக் காட்டினா கிழிசல் தெரியும். கையைக் கட்டிகிட்டே நின்னேன். அப்படியே எறங்கி வந்துட்டேன். அந்த நாள் போனது போனதுதான்."

இதற்கும் என்னிடம் பதில் இருந்தது. "இடது கையைத் தூக்க வேண்டியதுதானே."

கிருஷாந்தி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "சரிங்க" என்றாள்.

பதினொரு வருட அனுபவத்தில் சொல்கிறேன். அவள் எதிர்த்துப் பேசினால் நான் ஜெயிக்க ஒரு வழி இருக்கிறது. 'சரிங்க' என்றால் இல்லை. அன்றைக்கு இது என் நினைவுக்கு வரவில்லை. தீர்மானம் எடுத்தவனுக்கு வேறு எதுவும் நினைவுக்கு வராது.

இரண்டு வாரம் கழித்து நான் ஹட்டனுக்குப் போனேன். கந்தப்பளையில் என் பெரியப்பா மகன் கல்யாணம் வருகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் பெயர் அழகன் என்பதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆளைப் பார்த்தவர்கள் அதைச் சட்டென்று மறந்துவிடுகிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து நடைபாதையில் ஒரு கறுப்பு ஜெக்கட் தொங்கியது. தோல் இல்லை, ஆனால் தோலுக்கே சந்தேகம் வரும். சும்மா மாட்டிப் பார்த்தேன். கடைக்காரர் கண்ணாடியைத் திருப்பினார். கண்ணாடிக்குள் ஒரு தோட்டத்துத் துரை நின்றுகொண்டிருந்தார். அவரை நடுத்தெருவில் விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

பஸ்ஸில் வரும்போது நியாயம் தேடினேன். துணி வரக்கூடாது என்றுதான் தீர்மானம். இது ரெக்சின். அப்புறம், வீட்டுக்குள் வரக்கூடாது என்றுதான் தீர்மானம். நான் இதை வீட்டுக்குள் கொண்டுபோகப் போவதில்லை.

பக்கத்துக் காம்பராவுக்குக் கொண்டுபோனேன். அங்கே பழனியாண்டி அண்ணனும் அவர் மனைவி மீனம்மா அக்காவும். அக்கா ஜெக்கட்டை மடித்து அரிசிப் பெட்டிக்குள் வைத்தார். அண்ணன் வாயை அடைக்க என் பழைய பச்சை சுவெட்டரைக் கழற்றிக் கொடுத்தேன். ஜெக்கட் இருப்பவனுக்குச் சுவெட்டர் எதற்கு? கல்யாணம் வரை குளிரைப் பொறுத்துக்கொண்டால் போதும்.

இந்தச் சமயத்தில்தான் வீட்டில் ஏதோ நடக்க ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டவள் சாம்பல் நிறத்தில் நீலக்கரை போட்ட சேலையில் வந்து நின்றாள். நான் பார்த்தறியாத சேலை.

"இது ஏது?"

"இருக்கிறதுதான்."

"எங்க இருந்துச்சு?"

"நீங்க பாக்கலை."

"பதினொரு வருசமா ஒன்னையத்தானே பாத்துகிட்டு இருக்கேன்."

"கல்யாணத்தன்னிக்கு நான் என்ன கலர் கட்டியிருந்தேன்?"

"செவப்பு."

"அது ஒங்க அக்கா."

பேச்சு அந்த இடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் சேலை முடியவில்லை. அடுத்த வாரம் ஊதாப்பூப் போட்ட ஒன்று. அதற்கடுத்து கை நீளமான ஒரு வெள்ளை பிளவுஸ். நடையும் மாறியிருந்தது. முன்பு குழாயடிக்குக் குனிந்து போவாள். இப்போது குழாய்தான் குனிந்து தண்ணீர் ஊற்றுவது போல நின்றாள்.

அவள் மலைக்குப் போயிருந்த நேரம் அலமாரியைத் திறந்து எண்ணினேன். ஏழு சேலை. எப்போதும் இருக்கிற ஏழு. எண்ணிக்கை சரி. ஆனால் ஏழில் ஒன்றைக்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. இது சேலையின் குற்றமா என் குற்றமா என்று யாரிடம் கேட்பது?

பழனியாண்டி அண்ணனிடம் கேட்டேன்.

"அதை ஏன் தம்பி கேக்குற" என்றார். "நேத்து சாயந்திரம் வாசல்ல ஒரு அம்மா வந்து நிக்கிறாங்க. யாரோ டீச்சர்னு நெனச்சு நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டேன். பாத்தா நம்ம மீனா."

"கேட்டீங்களா?"

"எந்திரிச்ச பெறகு எப்படிக் கேக்கிறது?"

கிருஷாந்தியிடம் நேராகவே கேட்டேன். "துணி வாங்குறியா?"

"ஒரு ரூபா செலவழிச்சிருந்தா சொல்லுங்க."

அதுதான் வேதனை. செலவழித்திருக்கவில்லை. செலவழித்தவன் நான் ஒருவன்தான்.

இனிப் பனிமூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மூட்டம் இறங்கிவிட்டால் மனிதர்களுக்கு முகம் கிடையாது, நிறம் மட்டும்தான். சிவப்புக் குடை என்றால் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற நோனா. முழங்கால் வரைக்கும் தொங்குகிற மெரூன் சுவெட்டர் என்றால் மீனம்மா அக்கா. பத்து வருடமாக இந்த நிறங்களுக்கு வணக்கம் சொல்லி வருகிறேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

மாசி நடுவில் ஒரு நாள். ஸ்டோரில், அதாவது தேயிலை பெக்டரியில், வேலை முடித்து நடுங்கிக்கொண்டே ஏறி வருகிறேன். கோயில் வளைவில் எனக்கு முன்னால் மெரூன் சுவெட்டர் போகிறது. குளிருக்குத் தலையையும் முகத்தையும் மூடிக் கொழுந்துச் சாக்கு. எட்டி நடந்து பக்கத்தில் போனேன்.

"அக்கா, அந்தச் சாமான் பத்திரமா இருக்கா?"

சாக்கு அசைந்தது. "ம்."

"அரிசிப் பெட்டியில எலி கிலி போயிராதே? கறுப்பு ஜெக்கட்டு, அக்கா. ஓட்டை விழுந்தா தூரத்துலயே தெரியும்."

"ம்ம்."

"நம்ம வீட்டுக்காரிகிட்ட மூச்சு விட்றாதீங்க. கல்யாணத்தன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல வச்சு மாட்டிக்கிறேன். ஏதுன்னு கேட்டா, ஸ்டோர்ல குடுத்தாங்கன்னு சொல்லிருவேன். நம்பிருவா. அவ ஒரு அப்பாவி, அக்கா. துணி வாங்கக் கூடாதுன்னு சொன்னேன், அதையும் நம்பிகிட்டு இருக்கா பாருங்க."

அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. சாக்குக்குள்ளேயே நெடுநேரம் இருமினார்.

"கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க, அக்கா" என்று அன்பாகச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன்.

நான் வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் கழித்து கிருஷாந்தி வந்தாள். சுவெட்டர் இல்லாமல், வெறும் பிளவுஸில்.

"குளிரலையா?"

"வேகமா நடந்தேன்ல."

அன்றைக்கு ரொட்டிக்குக் கட்டச்சம்பல் தாராளமாக வைத்தாள். பிளேன்டீயில் இஞ்சி தட்டிப் போட்டாள். குடும்பத் தலைவனுக்கு உரிய மரியாதை ஒருவழியாகத் திரும்பி வருகிறது என்று நினைத்தேன்.

"ஏங்க, அந்தத் தீர்மானம் எனக்கு மட்டுமா? இல்லை ஒங்களுக்கும் சேத்தா?"

"எனக்குத்தான் மொதல்ல."

"அப்ப வீட்டுல யாராவது ஒருத்தர் வாங்கிட்டா?"

"வாங்கிட்டா அந்தத் துணி வீட்டுல இருக்கக் கூடாது. தூக்கி யாருக்காவது குடுத்திர வேண்டியதுதான்."

"நீங்களா குடுப்பீங்க?"

ரொட்டி சூடாக இருந்தது. தாராளம் எனக்கும் தொற்றியது. "நீயே ஒன் கையால குடு. யாருக்கு வேணும்னாலும் குடு."

"சத்தியமா?"

"சத்தியமா."

"சரிங்க" என்றாள்.

மாசி கடைசி வெள்ளிக்கிழமை அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கல்யாணம் அதற்கு இரண்டு நாள் கழித்து. வெள்ளிக்கிழமை எனக்கும் விடுமுறை. அவள் புறப்பட்டுப் போனதும், ஜெக்கட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று பக்கத்துக் காம்பராவுக்குப் போனேன். மீனம்மா அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார்.

"எந்த ஜெக்கட்டு, தம்பி?"

"என்னக்கா, அரிசிப் பெட்டியில..."

"அதைத்தான் கிருஷாந்தி வந்து வாங்கிட்டுப் போயிருச்சே. நீங்களே எல்லாத்தையும் சொல்லிட்டீங்களாம்."

"நானா? எப்ப?"

"அன்னைக்கு, கோயில் வளைவுல."

"கோயில் வளைவுல நான் ஒங்ககிட்டத்தானே பேசினேன்."

அக்கா மெஷினை நிறுத்தினார். "எங்கிட்டயா? அந்தச் சுவெட்டர் அதுக்கு மொத சனிக்கிழமையே சீட்டுல கிருஷாந்திக்கு விழுந்திருச்சே."

நான் அரிசிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன சீட்டு?"

"துணிச் சீட்டு. காசு சீட்டுப் போடுறோம்ல, அதே மாதிரிதான். சனிக்கிழமை சனிக்கிழமை லயத்துப் பொம்பளைங்க எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு, இல்லாட்டி ரெண்டு, கொண்டு வரணும். தொவைச்சு, பொத்தான் தைச்சு, தேய்ச்சுக் கொண்டு வரணும். பேரு எழுதிக் குலுக்குவோம். அளவு பத்தலைன்னா நான் பிரிச்சுத் தைச்சுக் குடுப்பேன். வந்தது யாரோடதுன்னு ஆம்பளைங்ககிட்ட சொல்லக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்."

"எல்லாம் பழசுதானே, அக்கா?"

"குடுக்கிறவளுக்குப் பழசு. கட்டுறவளுக்குப் புதுசு. நீங்களும் நம்ம வீட்டு ஆளும்கூட உத்து உத்துப் பாத்தீங்களாமே."

"இது யாரு யோசனை?"

"கிருஷாந்திதான். பொங்கலுக்கு மறுநாள் சாயந்திரம் வந்து சொல்லிச்சு. வீட்டுல ஏதோ தீர்மானமாம்."

ஆபீசுக்கு ஓடினேன். ஜெக்கட்டுக்காகத்தான் ஓடினேன், மறைக்கவில்லை. அன்றைக்கென்று மூட்டம் ஒரு பொட்டுக்கூட இல்லை. எதிர் மலையில் நட்ட வேலிக் கம்பிகூடத் தெரிந்தது. ஆபீஸ் விறாந்தையில் துரை நின்றார். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். அவர்களுக்கு முன்னால், நீலக்கரை போட்ட சாம்பல் சேலைக்கு மேல் என் கறுப்பு ஜெக்கட்டை மாட்டிக்கொண்டு கிருஷாந்தி. ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றியிருந்தாள்.

துரை ஏதோ கேட்டார். எந்த மலைக்கு முதலில் ஆள் அனுப்பலாம் என்று இருக்க வேண்டும்.

அவள் கையைத் தூக்கினாள். தோளில் நிற்கவில்லை. நேராக மேலே போய், அங்கிருந்து மூன்றாம் நம்பர் மலையின் உச்சி வரைக்கும் நீண்டது. அக்குளில் ரெக்சின் வெயிலுக்கு மினுங்கியது. துரை உட்பட எல்லோரும் அந்தக் கை போன பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவளுக்கு இவ்வளவு நீளமான கை என்று பதினொரு வருடத்தில் எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் படியிறங்கி வந்தாள்.

"கெடைச்சிருச்சுங்க."

"ஜெக்கட்டு..."

"வேலைங்க."

"அதான், வேலை. சந்தோசம். ரொம்ப சந்தோசம். அந்த ஜெக்கட்டு..."

"நீங்கதானே சொன்னீங்க, யாரு வாங்கினாலும் என் கையாலயே குடுத்திரச் சொல்லி. குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"எனக்கு."

கீழே பார்த்தேன். சண்டை போடுவதற்கு வசதியாக ஒரு வார்த்தையும் அங்கே கிடக்கவில்லை.

"ஞாயித்துக்கெழமை கல்யாணத்துக்கு மட்டும் எனக்குக் குடேன்."

"திங்கக்கெழமை காலைல ஆளுங்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு நான் போடணும். அதுல சோத்துக் கறி பட்டுச்சுன்னா? ஒங்க பச்சை சுவெட்டர் இருக்குல்ல, அதைப் போட்டுகிட்டு வாங்க."

பச்சை சுவெட்டர் எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். அவளே மனமிரங்கினாள்.

"குளிருதுன்னா அந்த மெரூன் இருக்கு. எனக்குத்தான் இனித் தேவையில்லையே."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் மூட்டம் அடைத்துக்கொண்டு வந்தது. கிருஷாந்தியும் மீனம்மா அக்காவும் பஸ்ஸில் இடம் பிடிக்க முன்னாலேயே போய்விட்டார்கள். கல்யாணத்துக் கால்சட்டை சேறாகிவிடும் என்று அதைப் பையில் வைத்துக்கொண்டு நான் சாரத்தோடு இறங்கினேன். மேலே மெரூன் சுவெட்டர், முழங்கால் வரைக்கும். தலையில் துவாய். கோயில் வளைவு தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம். ஓரக்கண்ணால் பார்த்தேன். மூட்டத்துக்குள் என் பச்சை சுவெட்டர் வந்துகொண்டிருந்தது.

"என்ன மீனா, இன்னும் இங்கனதான் போறியா? மெதுவா நட" என்றார் பழனியாண்டி அண்ணன். "நம்ம அழகன் தம்பியைப் பாத்தியா? பொண்டாட்டிக்குத் தெரியாம ஜெக்கட்டு வாங்கி, அதை அவளுக்கே மாட்டி விட்டுட்டு நிக்கிறான். நல்ல பையன்தான், பாவம். சரியான அப்பாவி. பக்கத்துல யாரு போறான்னுகூடத் தெரியாம அவன் பாட்டுக்குப் பேசியிருக்கான். என்கிட்ட நடக்குமா அது?"

சுவெட்டரின் கழுத்தை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, "ம்" என்றேன்.