களத்தில் அம்புரோஸ்

"சார், நங்கூரச் சந்துல தண்ணி வரல. லேடீஸுங்க சாயந்தரம் ரோட்டுல குந்தி மறியல் பண்ணப் போறாங்களாம். போய்ப் பாத்துட்டு வந்துடறோம்," என்றான் ஃபிட்டர் வரதன், கையில் ஸ்பானருடன்.

"உக்காருங்க," என்றார் அம்புரோஸ்.

குடிநீர் அலுவலகத்தின் பொறியாளர் அவர். தலைமைப் பண்புப் பயிற்சி முடித்து முந்தின நாள்தான் ஏற்காட்டிலிருந்து திரும்பியிருந்தார். போகும்போது வெறும் அதிகாரியாகப் போனவர், வரும்போது தலைவராக வந்திருந்தார்.

ஊழியர்களை வட்டமாக உட்காரவைத்து, நல்ல தலைவன் பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பவன் என்று மதியம்வரை ஒருவரையும் பேசவிடாமல் விளக்கினார்.

"இனிமே களத்துல முடிவெடுக்கறது நீங்கதான். முழு சுதந்திரம். எதுவானாலும் என்னைக் கேட்டுட்டு செய்யுங்க."

"அப்போ கெளம்பலாமா சார்?"

"தலைவன்தான் முன்னால போகணும். நானும் வரேன்."

சந்தில் பெண்கள் காலிக் குடங்களுடன் நின்றிருந்தார்கள். அம்புரோஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வால்வைத் தாமே திருகினார்.

"சார், அது வந்து..." என்று இழுத்தான் வரதன்.

"நம்பிக்கை வைங்க."

சற்று நேரத்தில் பக்கத்துச் சந்தும் குடத்தோடு வந்து நின்றது.

"இன்னா சார், எங்க வூட்ல வந்துகினு இருந்ததும் நின்னுபோச்சு?"

அதைச் சரிசெய்ய இன்னொரு திருகு. அடுத்த தெருவிலிருந்து ஒருவர் இடுப்பில் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாக வந்தார். அம்புரோஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் நெருங்கியது. அம்புரோஸுக்கு வியர்த்தது. திரும்பிப் பார்த்தால் வரதனைக் காணோம், கூட வந்தவர்களையும் காணோம்.

நெருக்கடியில் மக்களிடம் பேசு என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்," என்று ஆரம்பித்தார்.

முன்னால் நின்ற மீன்காரம்மா ஃப்ளோரன்ஸ் கைதட்டினாள். பின்னாலேயே மற்றவர்களும் தட்டினார்கள். அவர் முடிக்கப் பார்த்தபோது, "இன்னும் சொல்லு சார், நல்லா கீது," என்றாள்.

தொலைநோக்கு, அர்ப்பணிப்பு, தாம் சிறுவயதில் பட்ட கஷ்டம் என்று அம்புரோஸ் பொழிந்து தள்ளினார். இத்தனை வருட உத்தியோகத்தில் அவர் பேச்சை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

அப்போது தெருக்குழாய் சீறியது. தண்ணீர் கொட்டியது. அம்புரோஸின் கண்கள் கலங்கின.

"பாத்தீங்களா, தலைமைன்னா இதான். ஆகவே நண்பர்களே..."

ஃப்ளோரன்ஸ் குடத்தைக் குழாயடியில் நகர்த்தினாள். "போதும் எறங்கு சார், வேலை முடியறவரிக்கும் கைதட்டி உன்னை இங்கியே புட்ச்சி வெச்சிக்கச் சொல்லி வரதன்தான் கேட்டுகினு போனாரு."