சீக்கிரம் விழித்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் பற்றி

ஆமாம், வேகமாகத்தான் இருக்கிறது.

அன்புள்ள ரஞ்சித் அண்ணாவுக்கு, லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து திவ்யா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பெரியம்மாவின் முழங்கால் பரவாயில்லை. உன் நலத்தையும் அண்ணியின் நலத்தையும் முறைப்படி விசாரித்ததாகக் கொள்ளவும்.

முதல் வரி உன் கேள்விக்கான பதில். புது ஓ.எஸ். போட்ட பிறகு நம் மீனவர் சங்கத்தில் வேலை ஸ்பீடாக நடக்கிறதா என்று கேட்டிருந்தாய். கம்ப்யூட்டர் வேகம். வேலை நடக்கவில்லை. இதைப் போனில்தான் எழுதுகிறேன். கம்ப்யூட்டரைத் தொட இப்போது பயமாக இருக்கிறது.

பழசு நினைவிருக்கும். சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரை. பிறகு நீலத் திரை. பிறகு ஒரு வட்டம், தன்னைத்தானே சுற்றிக்கொண்டு. ஒருவர் டீ வாங்கப் போவார், இன்னொருவர் அவரைத் தேடிப் போவார், இருவரும் திரும்பி வந்த பிறகும் வட்டம் சுற்றும்.

அந்த நேரத்தில்தான் சங்கம் நடந்தது.

பாடு என்றால் உன் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. நீ எடுத்துச் சொல்ல வசதியாக எழுதுகிறேன். ஏரியில் இறால் நன்றாக விழும் இடம் கொஞ்சம், குடும்பங்கள் அதிகம். அதனால் முறை வைத்து ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் அங்கே வலை கட்டும். அந்த முறைதான் பாடு. வாராவாரம் அதை நான் பிரிண்ட் எடுப்பேன், தலைவர் கதவில் ஒட்டுவார். ஒட்டிய பின் மாற்றம் கேட்பது வழக்கமில்லை. தங்கள் நாளை மாற்றிக்கொள்ள நினைப்பவர்கள் அதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். வீடு தேடிப் போய்க் கேட்டால் கெஞ்சுவது போலாகிவிடும். கம்ப்யூட்டருக்குக் காத்திருக்கும்போது கேட்டால் அது சும்மா பேச்சு.

பொங்கலுக்கு வந்து நீ அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டாய்.

முதல் வாரங்களில் யாருக்கும் நாள் மாற்றத் தேவை வரவில்லை, எல்லோரும் உன்னைப் புகழ்ந்தார்கள். இன்று திங்கள்கிழமை, தலைவர் சிங்காரம் வந்து "போடும்மா" என்றார், போட்டேன், அது உடனே விழித்துக்கொண்டது, அவர் துண்டை உதறி உட்காருவதற்குள் பிரிண்டர் தாளைத் தள்ளிவிட்டது, "அதுக்குள்ளயா? நம்ம ரஞ்சித்து கெட்டிக்காரன்மா" என்று அவரே பசை தடவி ஒட்டினார், ஒட்டி முடித்துக் கையைத் துடைக்கும்போது ஜெயம்மாக்கா வலை பின்னும் ஊசியோடு வாசலில் நின்றார், அவருக்குப் பின்னால் தனக்கோடி மாமா.

"இன்னாடி திவ்யா, ஒட்டிட்டியா? நான் இன்னும் வாயே தொறக்கலியே."

"மெஷின் சீக்கிரம் முழிச்சிக்கிச்சுக்கா."

"அதுக்கு இன்னா அவசரம்? அதோட வலையா கிழிஞ்சி கீது?"

கிழிந்திருப்பது அவர் வலை. ஏரிக்குள் கிடந்த மரக்கட்டையில் மாட்டி நடுவே போய்விட்டது. சனிக்கிழமைக்குள்தான் பின்னி முடியும். அவர் பாடு புதன்கிழமை. தனக்கோடி மாமாவின் பாடு சனிக்கிழமை, அன்றைக்குத்தான் அவர் பெண்ணுக்கு நிச்சயம். ஒருவர் நாளை மற்றவர் எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. கேட்கத்தான் இருவரும் வந்தார்கள்.

"நான் தண்ணியில நின்னா மாப்ள வூட்டுக்காரன் தட்டை யாராண்ட குடுப்பான்? கொக்காண்டயா?" என்றார் மாமா.

"ஒட்டினா ஒட்டினதுதான்யா," என்றார் தலைவர். "இன்னிக்கு ஒனக்குப் பிரிச்சேன்னா நாளைக்கு ஊரே வந்து பிரிக்கும்."

"அப்போ எனக்கு?" என்றார் ஜெயம்மாக்கா.

புதன் போனால் அவர் முறை சுற்றி வருவதற்குள் இறால் முடிந்துவிடும். இந்தப் பருவத்தில் அந்த வீட்டுக்கு இருப்பது அந்த ஒரு நாள். அவர் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு போய்விட்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகவே அண்ணா, நாளைக்குள் வந்து பழசையே திரும்பப் போட்டுக் கொடு. வந்தால் தலைவரிடம் நீயே பேசலாம். வர முடியாவிட்டால் இதை மெதுவாக்க ஒரு வழியாவது சொல். நானும் முயன்றேன். இருக்கிற படங்களையெல்லாம் ஒன்றாகத் திறந்து வைத்தேன். அப்போதும் சலிக்காமல் ஓடுகிறது. இப்படி ஒரு குணத்தை வேறு யாரிடமாவது பார்த்திருந்தால் பாராட்டியிருப்பேன்.

அண்ணிக்கு என் வணக்கம். குழந்தைக்கு முத்தம். உன் வேலையும் வேகமும் மேன்மேலும் வளர வேண்டும். வேலை மட்டும் வளர்ந்தால் போதும்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை
திவ்யா

பி.கு.: வர வேண்டாம். ஓ.எஸ். அப்படியே இருக்கட்டும். இதை அனுப்பப் போகும்போது தலைவர் மறுபடி வந்து திரையின் மூலையில் இருந்த ஒரு சின்னக் குறியைக் காட்டி, "அது இன்னாம்மா?" என்றார்.

"அப்டேட் தலைவரே. இன்னும் முடியல."

"அப்போ காலைல அடிச்சது?"

"அரைத் தூக்கத்துல அடிச்சது."

அவர் என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். நம்பினார் என்று நான் நினைக்கவில்லை.

"அரைத் தூக்கத்துல அடிச்சது எப்டிம்மா செல்லும்?" என்று தாளை அவரே கிழித்தார். "முழுசா முழிக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

"சொல்ல முடியாது. ரெண்டு பேரையும் வந்து உக்காரச் சொல்லுங்க."

ஆள் அனுப்பியிருக்கிறார். அப்டேட் அவர் படி இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. ஜெயம்மாக்கா வருவது ஜன்னலில் தெரிகிறது, கொஞ்சம் பின்னால் மாமா. மானிட்டரை மட்டும் அணைத்தேன். இரண்டு நாற்காலிகளை எடுத்து வாசலில் போட்டேன்.