அறை வைத்தியர் நீட்டிய கன்னம்

சித்தூர் ஜில்லாவில் அறை வைத்தியரிடம் அறை வாங்காத வீடு என்று ஒன்று இருந்தால், அந்த வீட்டில் யாரையும் பாம்பு கடிக்கவில்லை என்று அர்த்தம்.

கடிபட்டவரை அவர் அறைய மாட்டார். சேதி கொண்டு வருபவனைத்தான். அவன் வாயோடு வந்த விஷத்தை வாசலிலேயே இறக்கிவிட வேண்டுமாம். அறை விழுந்துவிட்டால் கடிபட்டவர் அவர் பொறுப்பு. கங்காதர நெல்லூர்ப் பக்கம் எங்கள் ஊர் மெட்ராசுக்கா ஆந்திராவுக்கா என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோரும் கத்திக்கொண்டிருந்த காலம். அவர் கைக்கு எல்லை கிடையாது. தமிழ்க் கன்னமும் தெலுங்குக் கன்னமும் ஒரே சிவப்பாகத்தான் சிவந்தன.

வேர்க்கடலை பிடுங்கும்போது அண்ணியைப் பாம்பு கடித்தது. ஓடினேன்.

"வைத்தியரே, எங்க அண்ணிய..."

மீதியை அறை முடித்து வைத்தது. எதிரே இருந்த மலை ஒருமுறை இடம் மாறி நின்றது.

வந்து பார்த்தார். அண்ணியின் ஈறில் ரத்தம் கசிந்தது. அவர் முகம் கறுத்தது.

"கண்ணாடி விரியன்டா. என் வேருக்கு அடங்காது. கட்டு வண்டிய, சித்தூர் ஆஸ்பத்திரிக்கு!"

ஆஸ்பத்திரி வாசலில் அம்மா குறுக்கே நின்றுவிட்டாள்.

"எம் புள்ள அறை வாங்கினது உங்க கையில. நீங்கதான் பாக்கணும். இந்தாளு யாரு ஊசி போட?"

ஊசியோடு நின்ற இளம் டாக்டர் தெலுங்குக்காரர். அண்ணியின் கண் செருகிக்கொண்டிருந்தது.

வைத்தியர் தலைப்பாகையை அவிழ்த்தார். டாக்டர் முன்னால் குனிந்து கன்னத்தை நீட்டினார்.

"நைனா, உங்கிட்ட சேதி கொண்ணாந்தவன் நானு. கொட்டு! அறை!"

"ஏமண்டி இதி? பெத்தவாரு மீரு..."

"பெரியவனாவது சின்னவனாவது! அறைஞ்சாத்தான் கேசு உன்னுது. பொண்ணு போய்க்கினு இருக்குது, நீ மூஞ்சியப் பாத்துக்கினு நிக்கிறியே!"

விழுந்தது அறை. இத்தனை ஊரை அறைந்த மனிதர், கண் கலங்க, திருப்தியாகத் தலையாட்டினார்.

அம்மா வழி விட்டாள். "மொறை முடிஞ்சிச்சி. போடு சாமி ஊசி."

கட்டிலருகே வைத்தியர் தன் மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நிறுத்தியபோது டாக்டர் அதட்டினார்: "ஆப்பகண்டி, வைத்தியர் காரு! நிறுத்தாதீங்க. உங்க குரல் கேட்டா இவங்க பயம் தணியுது."

ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பில்லை என்று அண்ணி சண்டை போட்ட அன்றுதான் அம்மா அழுதாள்.

பிறகு விரியன் கடி எது வந்தாலும் வைத்தியரே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவார். முதலில் கன்னத்தை நீட்டுவார். போகப் போக அந்த அறை மெலிந்தது. கடைசியாக நான் பார்த்தபோது, டாக்டர் அவர் கன்னத்தைச் சும்மா தொட்டுவிட்டு உள்ளே ஓடினார். தொட்ட இடத்தில் கையை வைத்துக்கொண்டு, வைத்தியர் வாசலிலேயே நின்றிருந்தார்.