காப்பில் பொறித்த லத்தீன்

போர்ட் பிளேரில் காதலிப்பவர்களுக்கு ரகசிய மொழி கிடையாது. தமிழில் எழுதினால் அவள் அப்பாவுக்குப் புரியும். ஹிந்தியில் எழுதினால் தீவு முழுக்கப் புரியும். இங்கிலீஷ் என்றால் டூரிஸ்ட்டுக்கும் புரியும். அதனால்தான் லத்தீனுக்குப் போனேன். (என் இங்கிலீஷ் மார்க்கைப் பார்த்தவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம்.)

ஸ்டெல்லா நர்ஸ். எங்கள் சர்ச்சில் அவள் பாடுவாள், நான் கீபோர்டு வாசிப்பேன். அவளுக்குக் கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றல் வந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வெள்ளிக் காப்பு வாங்கினேன். 'கம் பேக் சூன்' என்பதை அதில் லத்தீனில் பொறிக்க ஆசை. அன்றைக்கு நெட் முழு வாக்கியத்துக்கு அசையவில்லை. வார்த்தை வார்த்தையாகத் தேடினேன். வெனி, தெர்கும், சிதோ.

அபர்டீன் பஜார் கடைக்காரர், "க்யா லிக்கா ஹை, பாய்?" என்று, என்ன எழுதியிருக்கிறது என ஹிந்தியில் கேட்டார்.

"பிரார்த்தனா ஹை" என்றேன், கூசாமல்.

கப்பல் கிளம்பும் நாள், அவள் அப்பா பெட்டியைத் தூக்கப்போன நேரத்தில் காப்பைக் கொடுத்தேன். வலையிழுத்தே முதுகு போன மனிதர், இடுப்பைப் பிடித்தபடி திரும்பினார்.

"கையில என்ன புள்ள?"

"ஜெபம்ப்பா."

"சாமி, என்ன ஜெபம்னு பாருங்க."

வழியனுப்ப வந்திருந்த எங்கள் சர்ச் பங்குச்சாமி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். தீவில் லத்தீன் தெரிந்த ஒரே ஆள்.

"வா... முதுகு... சீக்கிரம்னு போட்டிருக்கு."

"யாரு முதுகு?" அவள் அப்பா என்னைத்தான் பார்த்தார். "என்னயவா கேலி பண்ற?"

"இல்ல மாமா" என்றேன். (அதுவரை 'அங்கிள்'தான்.) "சீக்கிரம் திரும்பி வான்னு எழுத நினைச்சேன். இவ இல்லாம எனக்கு ஒரு வேலையும் ஓடாது."

கப்பலேற நின்ற வரிசையே கேட்டது. ஸ்டெல்லா முகத்தைப் பையில் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்பா பெட்டியைத் தூக்கி அவள் பக்கத்தில் வைத்தார்.

"இத தமிழ்லயே சொல்லிருக்கலாம்லா" என்றார் கடைசியில். "எனக்குந்தான் ஓடாது."

கல்யாணம் நடந்தது. இப்போது அவளுக்கு மறுபடியும் கார் நிக்கோபார். லீவுக்கு அவள் வரும் டிக்கெட் உறுதியானதும் மாமா வீடு முழுக்க அறிவிப்பார்: "முதுகு வருது."

இந்த வாரம் கடல் சரியில்லை, அவள் வரவேண்டிய கப்பல் ரத்து. காலையில் மாமா வாசலில் நின்று காற்றைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் அவள் தலையணைக்குப் புது உறை மாட்டி வைத்திருக்கிறேன்.