வேகத்தைக் குறைத்த தேவாங்கு

ஒரு காட்டில் காட்டுத்தீ அலாரம் செய்யும் கம்பெனி ஒன்று நடந்துவந்தது. அலாரத்துக்குள் வைக்கும் சிப்பை வடிவமைத்தவள் குமுதவல்லி என்ற தேவாங்கு. நிதானமானவள், கிளையில் ஒரு கையை விடுமுன் மற்றது பிடித்திருக்கிறதா என்று பார்ப்பாள். மேலாளர் சபாபதி என்ற கரடி. கரடி விடுவது அவருக்குக் குலத்தொழில்.

ஏசி அறையில் சோதனை நடந்தது. சிப் வேகத்தில் பறந்தது.

"பிரமாதம். ஃபேக்டரிக்கு அனுப்பிடலாம்," என்றார் சபாபதி.

"சார், இது குளிர்ல ஓடுது. சூடு ஏறினா உள்ள சிக்னல் மெதுவாப் போகும். பேட்டரி இறங்கினா இன்னும் மெதுவாகும். ஒரே தட்டுல வெந்தாலும் ஓரத்து இட்லி வேற மாதிரிதானே? சிப்பும் அப்படித்தான், சிலது பிறவியிலேயே மந்தம். மூணும் சேர்ந்தா, சிப்புக்குள்ள துடிக்கிற கடிகாரத்தோட அடுத்த துடிப்புக்குள்ள சிக்னல் போய்ச் சேராது. தீ இருந்தாலும் இல்லைன்னு காட்டும்."

"மூணும் ஒரே நாள்லயா சேரும்?"

"தீப்பிடிக்கிற நாள்ல சேரும் சார்."

"காட்டிலேயே வேகமான அலாரம்னு விளம்பரம் போயாச்சும்மா."

இரவுப் பிராணியான குமுதவல்லி அன்று பகலெல்லாம் தூங்கவில்லை. புதரில் குட்டி போட்டிருந்த முயல்கள் நினைவுக்கு வந்தன. எழுந்துபோய், எத்தனை மோசமான நாளையும் தாங்கும்படி கடிகாரத்தின் வேகத்தைக் குறைத்து, சிப்பை ஃபேக்டரிக்கு அனுப்பிவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் சபாபதி அவளுக்கு மெமோ கொடுத்தார். பக்கத்துக் காட்டின் அலாரம் இரண்டு மடங்கு வேகம் என்று சந்தையில் கேலி பேசினார்கள்.

சித்திரையில் மூங்கில் உரசி, இரண்டு காட்டிலும் தீப்பிடித்தது. குமுதவல்லியின் அலாரம் அடித்தது. முயல், மான், ஆமை எல்லாம் ஆற்றைக் கடந்து அக்கரையில் உட்கார்ந்து மாம்பழம் தின்றன. யாருக்கும் ஒரு மயிர்கூடக் கருகவில்லை.

பக்கத்துக் காட்டு அலாரம் 'எல்லோரும் நலம்' என்று காட்டியபடியே உருகியது. அதை வடிவமைத்த குரங்கு பிரபாகர் தீக்குள் பாய்ந்து, ஒரு மான்குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். வால் நுனி கருகியிருந்தது. அதை எல்லா டிவியும் காட்டின.

மறுவாரம் கூட்டம் போட்டார் சபாபதி.

"தீ வந்தா சிப் நின்னுடும்னு பயமுறுத்தினியே, நின்னுதா?"

"வேகத்தைக் குறைச்சதாலதான் சார் நிக்கலை."

"ஒண்ணுமே ஆகாததுக்கா இத்தனை வேகத்தை விட்டோம்?"

குமுதவல்லி வாயைத் திறந்தாள். அதற்குள் கதவு திறந்தது. வாலில் கட்டும் கழுத்தில் மாலையுமாகப் பிரபாகர் உள்ளே வந்தான்.

"இவர்தான் இனிமேல் உன் மேலதிகாரி," என்றார் சபாபதி. "நெருக்கடியைச் சமாளிச்ச அனுபவம் உள்ளவர்."

நீதி: சேதம் வராமல் காப்பவருக்கு மெமோ, தீயில் குதிப்பவருக்கு மாலை, ஆகவே, முன்னேற விரும்புகிறவர் காட்டைக் கொஞ்சம் எரியவிட்டுப் பிறகு குதிக்க வேண்டும்.